வரிசையின் கடைசி ஆள்

(பினாங்கின் மாக் மண்டினில் பெற்றோர்களும் இளம் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ‘மலையேற்ற வீரர்’ என்று போட்டுவிட்டார்கள். நான் பார்ப்பதற்குள் அச்சாகிவிட்டது. வீரர் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் உரியவர்கள் இருக்கிறார்கள். 1997 மே 23ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியை முதன்முதலாக எட்டிய மலேசியர்கள் மு. மகேந்திரன், நா. மோகனதாஸ் இருவரும் நம்மவர்கள்தான். நான் தமிழ்ப்பள்ளி வாத்தியார். முப்பத்து மூன்று வருடம் சுண்ணக்கட்டி பிடித்தேன். அதில் பத்தொன்பது வருடம், பள்ளி விடுமுறை வந்தால், முதுகில் பை மாட்டிய பிள்ளைகளோடு மலைக்கும் காட்டுக்கும் நடந்தேன். என் முழங்காலைக் கேட்டால் வீரம் எவ்வளவு என்று அது சொல்லும்.

இந்தப் பழக்கம் எப்படித் தொற்றியது என்று கேட்பவர்களுக்கு ஒரு கட்டுரையைத்தான் காட்டுவேன். ஆறாம் ஆண்டுக்குத் தன்கதை எழுதக் கொடுப்போம் அல்லவா? ‘நான் ஒரு பேனா’, ‘நான் ஒரு காலணி’. பேனாவையும் காலணியையும் திருத்தித் திருத்திச் சலித்துப்போய், ஒரு நாள் ‘நான் ஒரு மலை’ என்று பலகையில் எழுதினேன். முப்பத்தொரு பிள்ளைகள் எழுதினார்கள். முப்பத்தொரு மலைக்கும் தலையில் பனி! என் வகுப்பு மாடியில் இருந்தது. வடக்கு ஜன்னலைத் திறந்தால் கெடாவின் ஜெராய் மலை, 1,217 மீட்டர், மேகத்தைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு நிற்கும். மேற்கே கடலுக்கு அப்பால் பினாங்குத் தீவின் கொடிமலை. தென்கிழக்கே புக்கிட் மெர்தாஜாம் குன்று. மூன்று பக்கமும் மலையை வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்திராத பனியை எழுதியிருக்கிறார்கள். நான் யாரையும் திட்டவில்லை. மாதிரிக் கட்டுரை கொடுத்துப் பழக்கியது நாங்கள்தானே.

கொடிமலைக்குப் போனவர்கள் கை தூக்குங்கள் என்றேன். பாதி வகுப்பு தூக்கியது. நடந்து போனவர்கள்? ஒரு கையும் இல்லை. நூறு வருடத்துக்கு மேலாக அந்த மலைக்கு ரயில் ஓடுகிறது. ரயிலில் ஏறி, ஐஸ் கச்சாங் சாப்பிட்டு, ரயிலில் இறங்கி வந்தவர்கள் எல்லாரும். தாவரத் தோட்டத்துப் பக்கமிருந்து ஜீப் பாதையில் ஐந்து கிலோமீட்டர் நடந்தாலும் உச்சி வரும் என்று சொன்னபோது, ‘ஏன் சார் நடக்கணும்?’ என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று இருப்பதும் முழுப் பதில் இல்லை.

ஒப்புதல் கடிதம் கொடுத்தனுப்பினேன். ஒரு தாயார் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். “ஐயா, எங்க பாட்டன் பூட்டன்லாம் காட்ட வெட்டியே செத்தாங்க. அட்டக்கடியும் பாம்புக்கடியும் போதும்னுதான் எஸ்டேட்ட விட்டு டவுனுக்கு வந்தோம். இப்ப காசு குடுத்து புள்ளைய மறுபடியும் காட்டுக்கு அனுப்பணுமா?”

என் வாழ்க்கையில் நான் கேட்ட மிக நேர்மையான ஆட்சேபணை அதுதான். இந்தச் செபராங் பிறை மண்ணில், பத்து காவான் பக்கமும் நிபோங் தெபால் பக்கமும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டம் போடக் கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள் நம்மவர்கள். கரும்புக்குப் பின் பால்மரம். நமக்குக் காடு என்றால் கூலி, காய்ச்சல், கங்காணி. நின்று பார்க்க நமக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. பை தூக்கிக் காட்டில் நடப்பது வெள்ளைக்காரன் விளையாட்டு என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது. தோட்டங்கள் போய், 1960களில் இங்கே தொழிற்பேட்டை வந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சங்குச் சத்தம் தெரியும், குயில் சத்தம் தெரியாது. அந்த அம்மாவிடம் நான் வாதாடவில்லை. பையன் முதல் பயணத்துக்கு வரவில்லை. மூன்றாவது பயணத்துக்கு வந்தான். ஏழாவது பயணத்துக்கு அந்த அம்மா அடிவாரம்வரை வந்து, எங்களுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளைக்காரன் விளையாட்டு என்றேன். அது அப்படியில்லை என்று எனக்கே பிறகுதான் உறைத்தது. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் இருக்கிறதே, பெருங்கௌசிகனார் பாடியது, அதை மாணவனாக இருந்தபோது நயம் எழுதுவதற்குப் படித்தேன். காட்டில் இரண்டு தடவை வழுக்கி விழுந்த பிறகு மறுபடியும் எடுத்துப் படித்தபோது, அதற்குள் ஒரு வழித்துணைக் கையேடு இருந்தது. நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர் கூட்டத்துக்கு, போய்த் திரும்பிய ஒருவன் வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு கிடக்கும் குழியை எப்படிக் கடப்பது, தினைப்புனத்துக் காவற்காரன் எறியும் கவண்கல் எந்தப் பக்கமிருந்து வரும், வழுக்குப் பாறையில் எதைப் பிடித்து ஏறுவது எல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் கூட்டம் யாழையும் முழவையும் பையில் கட்டிச் சுமந்துகொண்டு, பெண்களும் பிள்ளைகளுமாக நடந்த கூட்டம். அந்தப் பைக்கு அங்கே வரும் பெயர் ‘கலப்பை’. ஏர்க்கலப்பை இல்லை, கலம் வைக்கும் பை. பேக்பேக்குக்கு என்ன தமிழ் என்று என்னை மடக்கிய பிள்ளைகளுக்கு அதைத்தான் சொன்னேன். அவர்கள் கேட்டுவிட்டு, பேக் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சரி, பைக்கு வருவோம். முதல் பயணத்தன்று ஒரு பையனின் பையை அவிழ்த்துப் பார்த்தேன். தலையணை. இஸ்திரி போட்ட நான்கு டி-சட்டை. கண்ணாடிப் போத்தலில் ஊறுகாய். முகப்பவுடர் டின். ஆறு சாடின் டின். டின் திறக்கும் கத்தி வீட்டில். தராசில் வைத்தால் பதினொரு கிலோ. பையன் முப்பத்தெட்டு கிலோ. வளர்ந்தவர்கள் தம் எடையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் தூக்கக் கூடாது என்பது நடப்பவர்களின் கணக்கு. பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. ‘யார் கட்டினது?’ என்றேன். ‘அம்மா.’ ‘மழைக்கோட்டு எங்கே?’ ‘தெரியாது சார், அம்மாவுக்குத்தான் தெரியும்.’

எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு வேறொன்று தோன்றியது. நான் வகுப்பில் செய்வதும் இதுதானே? குறிப்பு நான் எழுதிக் கொடுக்கிறேன். எது வரும் எது வராது என்று நான் கோடு போட்டுக் கொடுக்கிறேன். பிள்ளையின் முதுகில் கனம் இருக்கிறது. உள்ளே எது எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. புத்தகப்பை கனக்கிறது என்று நாடே பேசுகிறது, பள்ளியில் அலமாரி வைக்கிறார்கள், நல்லது. யார் அந்தப் பையைக் கட்டுகிறார்கள் என்று யாராவது கேட்டார்களா?

நடப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. திரும்பி வந்ததும் பையைக் கவிழ்த்து மூன்று குவியல் போடுவார்கள். தினமும் தொட்டது, ஒரு தடவை தொட்டது, தொடவே இல்லாதது. மருந்து, மழைக்கோட்டு, டார்ச்லைட் மூன்றையும் தவிர, மூன்றாவது குவியல் அடுத்த பயணத்துக்கு வராது. அந்த டிசம்பர் விடுமுறையில் என் பத்து வருடப் பாடக்குறிப்புகளை வீட்டுக் கூடத்தில் மூன்று குவியலாகப் போட்டேன். மூன்றாவது குவியல்தான் உயரமாக இருந்தது. என் மனைவி பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டுவிட்டாள்.

இன்னொன்று. ஓய்வெடுக்க நிற்கும்போதெல்லாம் பையைக் கழற்றிக் கீழே வைக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். மறுபடியும் தூக்குவது முதலில் தூக்கியதைவிடக் கஷ்டம். இதைப் புரியவைக்க எனக்கு இடும்பன் கதையைவிட நல்ல கதை கிடைக்கவில்லை. இரண்டு மலையைக் காவடியாகத் தூக்கி வந்தவன், பழனியில் கொஞ்சம் இளைப்பாறலாம் என்று இறக்கி வைத்தான். அதற்குப் பிறகு அசைக்க முடிந்ததா? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் 513 படி ஏறிய பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும். உலகத்தின் முதல் பேக்பேக்கர் இடும்பன்தான் என்று ஒருவன் கட்டுரையிலேயே எழுதிவிட்டான். மதிப்பெண் கொடுத்தேன்.

இப்போது நான் தப்பு செய்த கதை.

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பாஹாங்கில், 2003இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா இருக்கிறது. வாசலிலிருந்து பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குக் காட்டுப்பாதையில் மூன்றரைக் கிலோமீட்டர் இருக்கலாம். ஆமைகள் முட்டையிட வரும் கடற்கரை. பதினான்கு பிள்ளைகள், இன்னொரு ஆசிரியர், நான். அவருக்குக் காலில் சுளுக்கு என்று படகில் சாமான்களோடு அனுப்பிவிட்டு, நான் முன்னால் நடந்தேன். வாத்தியார் முன்னால்தானே நிற்பார்? என் பின்னாலேயே நான்கைந்து வேகக்காரப் பையன்கள். அவர்களோடு பேசிக்கொண்டே, எனக்கும் இளரத்தம் என்று காட்டிக்கொண்டே, கடற்கரைக்கு வந்து சேர்ந்தேன். மணி ஆறு. தலை எண்ணினேன். பதின்மூன்று.

அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நம் கடிகாரத்தில் ஏழரை மணிவரை வெளிச்சம் இருக்கும், ஆனால் காட்டுக்குள் ஆறரைக்கே இருட்டிவிடும். டார்ச் அடித்துக்கொண்டு, பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன். பாதையோரம் பிரம்புக்கொடி ஒன்று அவன் சட்டையையும் பையையும் பிடித்திருந்தது. பிரம்பின் நுனியில் சாட்டை போல ஒன்று நீளும், அதில் முழுக்கக் கொக்கி முள். இழுத்தால் கிழிக்கும், ஓரடி பின்னால் வந்தால் தானாக விடும். அவனுக்கு அது தெரியாது. இழுத்திருக்கிறான். சட்டை கிழிந்து, பைப்பட்டி அறுந்து, அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். அழவில்லை. என்னைப் பார்த்ததும் ஒன்றே ஒன்று சொன்னான். “சார், நீங்க திரும்பிப் பாக்கவே இல்ல.”

வகுப்பிலும் அவன் கடைசி பெஞ்சு. வருகைப் பதிவேட்டில் தவிர அவன் பெயரை அந்த வருடம் நான் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன் என்று இரவெல்லாம் கூடாரத்தில் எண்ணிப் பார்த்தேன். என் மேசையில் கிடந்த பிரம்பும் அந்தக் காட்டுப் பிரம்பும் ஒரே சாதி.

அடுத்த நாள் காலை முதல் நான் வரிசையின் கடைசி ஆள். அன்றிலிருந்து பதினெட்டு வருடம், எல்லாப் பயணத்திலும், கடைசி ஆள்.

கடைசியில் நடப்பவனுக்கு முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். ஆனால் முதுகு பொய் சொல்லாது. எவன் தன் போத்தலை இன்னொருவனுக்கு நீட்டுகிறான், எவன் நீட்டுவதுபோல் நீட்டிவிட்டு இழுத்துக்கொள்கிறான், எவள் அவிழ்ந்த காலணிக் கயிற்றைச் சொல்ல வெட்கப்பட்டு நொண்டுகிறாள், எல்லாம் தெரியும். வகுப்பில் வாய் ஓயாத மாணவர் தலைவன் இரண்டாவது மணியில் ஊமையாகிவிடுவான். வாசிப்பில் திணறும் ஒருவன், மரத்தின் மேலே கேட்ட சிறகுச் சத்தத்தை வைத்தே ‘இருவாச்சி சார்’ என்பான். நிமிர்ந்து பார்த்தால் இருவாச்சிதான். அவன் தாத்தா சொல்லிக் கொடுத்தது. எனக்கு அதுவரை சிறகடிக்கும் சத்தம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

வழிகாட்டிகளிடம் கற்றுக்கொண்ட இன்னொரு வழக்கத்தையும் அப்போதுதான் கடைப்பிடித்தேன். மிக மெதுவாக நடக்கும் பிள்ளையைத் தலை வழிகாட்டிக்கு அடுத்தபடியாக நிறுத்த வேண்டும். அவன் வேகம்தான் எல்லாருடைய வேகம். பின்னால் விட்டால் அவனுக்கு ஓய்வே கிடைக்காது: முன்னால் போனவர்கள் உட்கார்ந்து மூச்சு வாங்கிக் காத்திருப்பார்கள், அவன் வந்து சேர்ந்த அந்த நிமிடம் எழுந்து நடப்பார்கள். எவனுக்கு ஓய்வு அதிகம் வேண்டுமோ அவனுக்குத்தான் ஓய்வே இல்லை. நம் வகுப்புகளில் பின்னப் பாடம் நடக்கும் விதமும் அதுதான், ஆசிரியர் நண்பர்களே. நான் மாற்றிப் பார்த்தேன். பாடத்தின் முதல் கால் மணி நேரம் மெதுவான பிள்ளையின் நடைக்கு. கெட்டிக்காரப் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். பாடத்திட்டம் அந்த வருடம் முடியவில்லை. மேலே கூப்பிட்டுக் கேட்டார்கள், நியாயமாகத்தான் கேட்டார்கள். இதற்கு விலை உண்டு. கொடுக்கலாம் என்பது என் கட்சி.

எஸ்.பி.எம். தேர்வு முடித்த பழைய மாணவர்கள் ஒன்பது பேரோடு ஒரு தடவை தாஹான் மலைக்குப் போனோம். தீபகற்பத்திலேயே உயரமானது, 2,187 மீட்டர். மெராப்போ பக்கமிருந்து ஏறினோம். அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அங்கே விட மாட்டார்கள். நம் நாட்டில் அந்த வழிகாட்டிக்கு ‘மாலிம் குனுங்’ என்று பெயர். எங்களுக்கு வந்தவர் ஐம்பது வயது மலாய்க்காரர்; பிள்ளைகள் பக்சிக் என்று கூப்பிட்டார்கள். இளைய வழிகாட்டியை முன்னால் விட்டுவிட்டு அவர் கடைசியில், என்னோடு நடந்தார். எனக்கு ஒரே சந்தோஷம், ஒரு கூட்டாளி கிடைத்தாரே என்று. ஏன் பின்னால் வருகிறீர்கள் என்றேன். முன்னால் ஓடுகிறவர்களுக்குப் பாதை போதும், பின்னால் வருகிறவர்களுக்குத்தான் மாலிம் வேண்டும் என்றார்.

அந்தச் சொல் மனத்தில் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். மாலிம் என்பது அரபு மொழியின் முஅல்லிம். முஅல்லிம் என்றால் ஆசிரியர். கப்பலுக்குத் திசை சொல்பவருக்கும் அதே பெயர் வந்து, கடலோடிகளின் வாயில் ஊர் ஊராகப் போயிருக்கிறது. மலாய்க்காரர் அதை மலைக்கும் ஏற்றிவிட்டார்கள். நாம்? தமிழ் அகராதியில் ‘மாலுமி’ என்று பாருங்கள். அதுவும் அதே சொல். கடலுக்கு அப்பால் கப்பித்தான் கிள்ளிங் பள்ளிவாசலைச் சுற்றிக் குடியேறிய சூலியா வணிகர்களின் கப்பல்களிலும் மாலுமி இருந்திருப்பார். மதரசாவில் ஓதிக் கொடுப்பவர், கப்பலுக்குத் திசை சொல்பவர், மலையில் கடைசியாக நடப்பவர், மூவருக்கும் ஒரே வேர். முப்பது வருடம் ஆசிரியர் தினத்துக்கு உரை எழுதியிருக்கிறேன், ஏணி, தோணி, மெழுகுவர்த்தி என்று. இது ஒன்றும் தெரியாமலே எழுதியிருக்கிறேன்.

மாலுமி என்றதும் நம் மண்ணின் கல் ஒன்று ஞாபகம் வருகிறது. இந்த மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் 1834இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்ற மகாநாவிகன், பெரிய மாலுமி, தன் பயணம் வெற்றியாக முடிய வேண்டி வைத்த கல். ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டு. இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே லோ 1845இல் செரோக் தொக்குனில் கண்ட இன்னொரு கல்வெட்டுப் பாறை, புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. எங்கள் சனிக்கிழமைப் பயிற்சி நடைகள் அந்தப் பாறையிலிருந்துதான் தொடங்கும். ‘ஐயா, இது தமிழா?’ என்று எல்லா வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். இல்லை, மொழி சமஸ்கிருதம், எழுத்து நம் பல்லவர் எழுத்துக்கு உறவு என்பேன். முகம் வாடும். வாடட்டும். நம்முடையது இல்லாததை நம்முடையது என்று சொல்லி ஒரு பிள்ளையைச் சந்தோஷப்படுத்த எனக்கு உரிமை இல்லை. புத்தகுப்தன் கதையைச் சொன்னபோது ஒரு சிறுமி கேட்டாள்: “அவர் போய்ச் சேந்தாரா ஐயா?” கல்லில் அது இல்லையம்மா என்றேன்.

பிள்ளைகளைக் காட்டுக்கும் கடலுக்கும் கூட்டிப் போய்க் கற்பிப்பதை ஒரு கல்வி முறையாக்கியவர் ஜெர்மானியரான குர்ட் ஹான். போர்க்காலம், தாக்கப்பட்ட கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளில் வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்க, இளைஞர்கள் மடிந்தார்கள் என்று கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட் கண்டார். இருவரும் சேர்ந்து 1941இல் வேல்ஸின் அபெர்டோவியில் தொடங்கியதுதான் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி. ஹோல்ட் குடும்பத்தின் நீலப் புகைக்குழாய்க் கப்பல்கள் நம் பினாங்குத் துறைமுகத்துக்கும் வந்துபோனவைதான். 1954இல் அந்தப் பள்ளி பேராக்கின் லுமுட்டுக்கும் வந்துவிட்டது. ஹான் பெரிய மனிதர். ஆனால் நான்கு நாள் நடந்தால் குணம் மாறிவிடும் என்று அவர் பெயரைச் சொல்லி விற்கிறார்களே, அதை நான் நம்பவில்லை. சின்னப் பையன்களை மிரட்டுகிற பையன் மலைக்குப் போய்விட்டு, மலைக்குப் போய்வந்த மிரட்டுகிற பையனாகத் திரும்பியதை நானே பார்த்திருக்கிறேன். மலை மாறாத பிள்ளையையும் நமக்குக் காட்டிக் கொடுக்கும். அதற்குமேல் அது வாத்தியாரின் வேலை, வருடம் முழுக்க.

பந்தாய் கெராச்சுட்டில் ஓர் ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் நிறையும். மேலே நன்னீர், கீழே கடல்நீர். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும், கலக்காது. பிந்திய வருடங்களில், இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்ட என் பிள்ளைகள் தங்கள் மலாய், சீனத் தோழர்களையும் கூட்டி வந்தார்கள். ஏரிக்கரையில் நின்று இந்த விவரத்தைச் சொன்னேன். புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கழித்துவிட்டு வந்த ஒருவன் மலாயில் சொன்னான்: ‘எங்க ஸ்கூல் கேன்டீன் மாதிரி.’ மூன்று இனப் பிள்ளைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்று இரவு புதுச் சட்டி வாங்கி வந்து, எல்லாரும் சாப்பிடும்படி நெத்திலி சம்பலும் சோறும் ஆக்கினோம். அடிப்பிடித்துவிட்டது. ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

பெற்றோர்கள் மனத்தில் இருப்பது எனக்குத் தெரியும். 2022 டிசம்பர் 16ஆம் தேதி பத்தாங் காலியில் கூடாரங்கள்மேல் மண் சரிந்து 31 பேர் போனார்கள். அதில் ஆசிரியர்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்கு முந்திய வருடம் ஆகஸ்டில் நம் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் யான் பக்கம் உயிர்களைக் கொண்டுபோனது. பயப்படுங்கள், பயப்பட்டுக் கேள்வி கேளுங்கள். அனுமதி வாங்கியாகிவிட்டதா? எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர்? கூடாரம் ஆற்றோரமா, சரிவுக்குக் கீழா? எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? கேட்டால் கோபப்படுகிற வாத்தியாரோடு பிள்ளையை அனுப்பாதீர்கள். இங்கே செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். அந்த மாதங்களில் நான் இரவுப் பயணம் வைத்ததே இல்லை. பகல் இரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என் சட்டம்.

ஒரு தடவை ஜெராயில் உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம். கடல் பக்கம் மேகம் கறுத்தது. திரும்புங்கள் என்றேன். ஒரு பையன் பாதையில் உட்கார்ந்து அழுதான். கீழே வந்து சேரும்வரை மழை பெய்யவே இல்லை. அதற்கும் திட்டு வாங்கினேன். பல வருடம் கழித்து, இதே தொழிற்பேட்டையில் இயந்திரம் பார்க்கும் வேலையில் அவனைச் சந்தித்தேன். ஒரு நாள் இயந்திரத்தில் சத்தம் மாறியதும், மேலாளர் கத்தியும் கேளாமல் விசையை அணைத்துவிட்டானாம். “அன்னைக்கு நீங்க திரும்பினீங்கல்ல, அதான் ஞாபகம் வந்துச்சு சார்” என்றான். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னானோ என்னவோ. உச்சிக்குப் போன மற்றப் பயணங்களைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

நேரமாகிவிட்டது, அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ‘ஏன் நடக்கணும்?’ என்ற அந்தச் சிறுமி இப்போது ஆசிரியை. பின்வரிசையில் நிற்கிறாள், கைக்குழந்தையோடு. இந்த வருடத்திலிருந்து பயணங்களை அவள்தான் நடத்துகிறாள். முன்னால் நடக்க அவளுக்கு ஆள் கிடைத்துவிட்டது. கடைசியில் நடக்க இன்னும் இரண்டு பேர் வேண்டுமாம். இளம் ஆசிரியர்கள் யாராவது இருந்தால் பெயர் கொடுங்கள். முழங்கால் நன்றாக இருக்க வேண்டும், பொறுமை அதைவிட நன்றாக இருக்க வேண்டும்.

வரும் சனிக்கிழமை காலை ஆறரைக்குச் செரோக் தொக்குன் பாறைக்குப் பக்கத்தில் கூடுகிறோம். குடை வேண்டாம், மழைக்கோட்டு போதும். ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு வேளைச் சாப்பாடு, டார்ச்லைட். அம்மாமார்களே, பையைத் தயவுசெய்து பிள்ளையே கட்டட்டும்.